கம்புக்கு மேலே நான்கு விரல்

ஜூலை 6

அன்புத் தங்கைக்கு,

அக்கா எழுதுகிறேன். நானும் உன் அத்தானும் இருமல் தும்மல் இல்லாமல் இருக்கிறோம். இந்த நாளில் நலம் என்றால் அவ்வளவுதான். நீயும் சுண்டுவும் அப்படியே இருக்க வேண்டும். கப்பலில் மாட்டிக்கொண்ட உன் வீட்டுக்காரர் எப்போது கரையேறுவார் என்று ஏதாவது தகவல் உண்டா?

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனை நீ எடுத்தாலும் அது சுண்டுவின் காதில்தான் போய் உட்காருகிறது. அவளைப் பற்றி அவளுக்குத் தெரியாமல் பேச எனக்கு வேறு வழி இல்லை.

இங்கே பள்ளிக்கூடம் பூட்டிக் கிடக்கிறது. அங்கே திறந்துவிட்டார்கள், நீ அதிலேயே பாட்டு டீச்சர். அதனால்தான் என் ஒன்பது வயதுப் பிள்ளையை உன்னிடம் விட்டேன். மற்றபடி விட்டிருப்பேனா? சாப்பாட்டுக் கடைக்கு மேலேதான் நம் வீடு, கீழே நாள் முழுக்க வருகிறவர் போகிறவர். நாங்களும் எங்களால் ஆனதைச் செய்துவிட்டோம். பன்னிரண்டு மேசை ஐந்தாகிவிட்டது. ஜன்னல் கதவுகளைக் கழற்றிப் பரணில் போட்டுவிட்டோம், இனி எவரும் மூட முடியாது. மழை பெய்தால் ஒருவர் குடையைப் பிடித்துக்கொண்டு சூப் குடிக்கிறார். மேசைக்கு மேசை இடைவெளி அளக்க உன் அத்தான் ஒட்டடைக் கம்பை வெட்டி வைத்திருக்கிறார். சுண்டு கையைத் தூக்கி நின்றால் என்ன உயரமோ அந்த அளவு. அவளை நிறுத்தி வைத்துத்தான் வெட்டினார். யார் வந்தாலும், "ஒரு கம்பு தள்ளி உட்காருங்க" என்கிறோம்.

உனக்கு நான் சொல்ல வேண்டியது ஒன்றுதான். அவளை ஓட்டலுக்கு மட்டும் கூட்டிக்கொண்டு போகாதே. பள்ளிக்கூடம் என்றால் வாயை மூடி உட்காரலாம். சாப்பாட்டுக்கு வாயைத் திறந்துதானே ஆக வேண்டும்?

அவளுக்கு என் முத்தம். நீ கொடுக்க வேண்டாம், சொன்னால் போதும்.

அக்கா

*

ஜூலை 19

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்தது. மாடிச் சுவரில் கல்லை வைத்து இரண்டு நாள் வெயிலில் போட்டு எடுத்துப் பிரித்தேன். இங்கே எல்லாரும் தபாலை அப்படித்தான் செய்கிறோம். நாங்கள் சௌக்கியம். அவர் கப்பல் ஏதோ துறைமுகத்துக்கு வெளியே நிற்கிறதாம். இறங்க விடவில்லை.

பள்ளியில் பாதிப் பிள்ளைகள் இன்று, பாதிப் பிள்ளைகள் நாளை. பெஞ்சுக்கு ஒருவர். சுண்டுவுக்கு ஜன்னல் ஓரம் இடம் வாங்கிக் கொடுத்துவிட்டேன். டீச்சரின் அக்கா மகள் என்றால் அந்த அளவு சலுகை கூடவா இல்லை? எனக்குத்தான் வேலை இல்லை. பாடினால் தொற்று பரவும் என்று பாட்டு வகுப்பை நிறுத்திவிட்டார்கள். வாசலில் நின்று பிள்ளைகளின் நெற்றியில் காய்ச்சல் துப்பாக்கியை நீட்டுகிறேன். இத்தனை வருஷம் ஸ்ருதி பார்த்தவள் இப்போது சூடு பார்க்கிறேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும், "சித்தி, இப்ப பாடு, இங்க யாரும் புடிக்க மாட்டாங்க" என்கிறாள். ஜன்னலைத் திறந்து வைத்துப் பாடுகிறேன். கீழ் வீட்டுக்காரர்கள் தூங்குவதில்லை, பாவம்.

இப்போதெல்லாம் ராத்திரி இரண்டாம் தடவை சோறு வைக்க வேண்டியிருக்கிறது என்றால் பார்த்துக்கொள். ஒற்றை ஆளுக்கு உலை வைத்து வைத்து எனக்கு அளவே மறந்து போயிருந்தது.

அத்தானுக்கு என் அன்பு.

உன் தங்கை

*

ஜூலை 30

தங்கைக்கு,

நாங்கள் இருக்கிறோம். நீங்கள் அதைவிட நன்றாக இருப்பது தெரிகிறது.

என் எழுத்தைக் கல்லை வைத்து வெயிலில் காயப்போட்டாயா? கூடப் பிறந்தவளின் கையெழுத்தில் என்ன கிருமி இருக்கும் என்று நினைத்தாய்? உன் அத்தான் சிரிக்கிறார். "வடாம் மாதிரி காய வெச்சிருக்கா, பொரிச்சுச் சாப்பிடாம விட்டாளே" என்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இரண்டாம் தடவை சோறா? இங்கே ஒரு தட்டை முடிக்க வைக்க நான் கதை சொல்லிக் கெஞ்சுவேன். ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். நான் ஊருக்கெல்லாம் சோறு போடுகிறேன், என் பிள்ளை உன் வீட்டில் தானே வளர்கிறது. பழமொழி பலித்துவிட்டது, சந்தோஷம்.

நேற்று போனில், "நம்ம வீட்டு மாடியில புறா முட்டை போட்டிருக்கும்மா" என்றாள். நம் வீட்டு மாடியில் ஏது புறா என்று யோசித்தேன். பிறகுதான் எந்த வீட்டைச் சொல்கிறாள் என்று புரிந்தது. அன்று குழம்பில் இரண்டு முறை உப்புப் போட்டுவிட்டேன்.

ஒன்று சொல்கிறேன், தப்பாக எடுக்காதே. தினமும் நூறு நெற்றிக்கு முன்னால் நிற்கிறவள் நீ. அவளைப் பக்கத்தில் படுக்க வைக்காதே. தனிப் பாய், தனிப் போர்வை. கட்டிப்பிடிப்பது, மடியில் போட்டுக்கொள்வது எதுவும் வேண்டாம். எல்லாம் அவள் நல்லதுக்குத்தான்.

அக்கா

*

ஆகஸ்ட் 17

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அங்கும் அப்படியே இருக்க வேண்டும். தனிப் பாய், தனிப் போர்வை, நீ சொன்னபடியே. விடியும்போது பாய் எங்கே கிடக்கிறது என்று மட்டும் கேட்காதே.

சுண்டுவுக்குப் பத்து வயது முடிந்தது. உனக்குத் தெரியாதா என்ன, பெற்றவளுக்கு. போனில் நீ வாழ்த்திவிட்டு வைத்த பிறகு அவள் முகம் சின்னதாகிவிட்டது. பார்க்க முடியவில்லை. புதுக் கவுன் போட்டுவிட்டு மாடி ஓட்டலுக்குக் கூட்டிப் போனேன். மொட்டை மாடி, மேலே வானம், மேசையில் பூ ஜாடி, பரிமாறுகிறவர்கள் கையுறை போட்டிருக்கிறார்கள். பத்து நாளாக யோசித்து, எந்த நேரம் கூட்டம் இல்லை என்று கேட்டு வைத்துத்தான் போனேன். கண்ணை மூடிக்கொண்டு செய்கிறவள் இல்லை நான்.

நல்ல பொழுது. என் ஆயுசுக்கு மறக்காது. பரிமாறுகிறவர் எடுத்த படம் இதோடு இருக்கிறது. பார்.

உன் தங்கை

*

ஆகஸ்ட் 24

படம் வந்தது. வெயிலில் வைக்கவில்லை, வந்ததுமே பிரித்தேன்.

ஒன்றே ஒன்று சொன்னேன். ஓட்டல் வேண்டாம் என்று. ஒன்பது பிறந்தநாளும் இவள் நம் கடையில் ஜன்னலோர மேசையில்தான் சாப்பிட்டிருக்கிறாள். பத்தாவதை எவனோ ஒருவன் மேசையில் சாப்பிட வைத்துவிட்டாய். அங்கே வேர்க்காமல் விறுவிறுக்காமல் உட்கார்ந்து, பூ ஜாடிக்குப் பக்கத்தில், அவள் தோளில் கையைப் போட்டுக்கொண்டு நீ சிரிக்கிறாய். அந்தக் கையைத்தான் இரண்டு நாளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

உன் அத்தான் உன் பக்கம்தான். "மேசையில எச்சில் தட்டே இல்லையே, துடைச்சு வெச்ச மாதிரி இருக்கு. சுத்தமான ஓட்டல்தான்" என்கிறார். தட்டை எடுத்த பிறகு எடுத்த படம், இது கூடவா தெரியாது? நான் பார்த்தது வேறு. புதுக் கவுனின் ஒரு பக்கம் முழுக்கப் புழுதி. கண்ட தரையில் உருள விட்டிருக்கிறாய். ஆயிரம் பேர் செருப்புப் போட்டு நடந்த தரை.

அவளுக்கு ஒரு தும்மல் வந்தாலும் எனக்கு உடனே சொல்.

அக்கா

*

செப்டம்பர் 5

அக்காவுக்கு,

தும்மல் வரவில்லை. நான் தினமும் இரண்டு வேளை அவள் நெற்றியைப் பார்க்கிறேன், துப்பாக்கியால் இல்லை, கையால்.

ஒன்று கேட்கிறேன். வெளியில் சாப்பிடுவது அவ்வளவு ஆபத்தென்றால் உன் கடை என்ன, வருகிறவர்களுக்கு வீடா? ஊராருக்கு இலை போட்டு, வாங்க உட்காருங்க என்று கூப்பிடுகிறாய். அவர்களும் வாயைத் திறந்துதானே சாப்பிடுகிறார்கள்? அவர்கள் வீட்டிலும் பிள்ளை இருக்கிறதே. உன் கையில் கம்பு இருந்தால் ஆபத்து இல்லை, என் கையில் உன் பிள்ளை இருந்தால் ஆபத்து. கணக்கு நன்றாக இருக்கிறது.

எனக்கும் கோபம் வரும் அக்கா. சின்ன வயதிலிருந்து பெரிய துண்டு உனக்கு, மிச்சம் எனக்கு. உனக்குக் கடை, அத்தான், பிள்ளை, பெயர் சொல்லி விசாரிக்கிற வாடிக்கையாளர்கள். எனக்கு சாயங்காலம் மட்டும்தான் இருக்கிறது. அதிலும் கை வைக்காதே.

தங்கை

*

செப்டம்பர் 28

தங்கைக்கு,

உன் கடிதத்துக்குப் பதில் எழுதி எழுதிக் கிழித்தேன். போகட்டும்.

இங்கே பள்ளிக்கூடம் அடுத்த மாதம் நடுவில் திறக்கிறார்கள். இடம் போட்டுவிட்டேன். உன் அத்தான் காய்கறி வண்டியை எடுத்துக்கொண்டு பள்ளி திறப்பதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை வருவார். அவளுடைய துணிகளை மூட்டை கட்டி வை. புறா மறுபடியும் போட்ட முட்டை பொரிந்ததா என்று போனில் கேட்டேன், "இன்னும் ரெண்டு நாள்ல பொரியும், அதுவரைக்கும் வர மாட்டேன்" என்றாள். வாயில் வார்த்தை அவளுடையது, ராகம் உன்னுடையது.

அக்கா

*

அக்டோபர் 9

அக்காவுக்கு,

நாங்கள் சுகம்.

அத்தானை இப்போது வர வேண்டாம் என்று சொல். நான் மறுக்கவில்லை, யோசித்துப் பார்க்கச் சொல்கிறேன். இங்கே வகுப்பில் பதினைந்து பேர், ஜன்னல் ஓரம் இடம், தெரிந்த பிள்ளைகள். அங்கே புதிதாகத் திறக்கிற பள்ளி, முதல் மாதம் எப்படிப் போகும் என்று யாருக்குத் தெரியும்? அதைக்கூட விடு. வீட்டுக்குள் ஏற வேண்டுமென்றால் கடைக்குள் நுழைந்துதானே படி ஏற வேண்டும்? ஐந்து மேசையில் இருபது பேர் வாயைத் திறந்து உட்கார்ந்திருக்கும் இடத்தின் நடுவில் தினமும் இரண்டு தடவை நடக்கப் போகிறாள். அங்கே உட்கார்ந்து சாப்பிட ஆள் இருக்கும் வரை அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. எல்லாம் அவள் நல்லதுக்குத்தான். நீயே சொன்ன வார்த்தை.

புறா குஞ்சு பொரித்துவிட்டது. இரண்டு.

தங்கை

*

நவம்பர் 2

தங்கைக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. இந்த மூன்று வாரமும் நான் சும்மா இருக்கவில்லை.

கடையில் இப்போது யாரும் உட்காருவதில்லை. மேசைகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிப் பின்கட்டில் போட்டுவிட்டோம். பார்சல் மட்டும்தான், தெரு ஜன்னல் வழியாக. பரிமாறுகிற அண்ணன் பொட்டலம் கட்டுகிறார். இருபது வருஷம் தட்டு ஏந்திய கை, ரப்பர் பேண்டு போட வராமல் திணறுகிறது. வியாபாரம் பாதிக்குப் பாதி. உன் அத்தான் அடுப்பைச் சத்தமாக மூட்டுகிறார்.

தினமும் மத்தியானம் தனியாக வந்து சாப்பிடுவாரே, ரிட்டயர்டு தபால்காரர், அவர் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு எதிர்ப்பக்கம் மதகில் உட்கார்ந்து சாப்பிடுகிறார். வீட்டுக்குக் கொண்டுபோகலாமே என்றேன். "வீட்டுல யார்கூடப் பேசிக்கிட்டு சாப்பிடறது?" என்றார். இங்கிருந்து குரல் கொடுத்துப் பேசிக்கொண்டிருக்கிறேன். நடுவில் லாரி போனால் பேச்சை நிறுத்த வேண்டியிருக்கிறது.

ஒரே ஒரு மேசையை எடுக்கவில்லை. ஜன்னலோரம் இருப்பது. அது யாருடையது என்று உனக்குத் தெரியும்.

இப்போது சொல், வேறு என்ன காரணம் வைத்திருக்கிறாய்? நீ சொல்வதற்கு முன் நான் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் நோய்க்குப் பயப்படுகிறேன் என்று இத்தனை நாள் நானே நம்பிக்கொண்டிருந்தேன். மேசைகளை அடுக்கும்போதுதான் தெரிந்தது. எனக்கு உன்மேல்தான் பயம். அவள் உன் வீட்டில் இரண்டாம் தடவை சோறு வாங்கிச் சாப்பிடுகிறாள், மாடி ஓட்டலில் மாஸ்க்கை இறக்கிச் சிரித்துச் சாப்பிட்டாள் என்று நினைத்தாலே எனக்குச் சோறு இறங்குவதில்லை. காய்ச்சல் என்றால் மருந்து இருக்கிறது.

பிள்ளையை அனுப்பு.

அக்கா

*

நவம்பர் 9

என் அக்காவுக்கு,

உன் கடிதத்தை வெயிலில் வைக்கவில்லை. தபால்காரர் தெருமுனை திரும்புவதற்குள் வாசலில் நின்றே பிரித்துப் படித்துவிட்டேன். நலம் விசாரிக்க மறந்துவிட்டேன் பார். நீ நலமா? அத்தான் நலமா?

அந்த மாடி ஓட்டலில் நாங்கள் சாப்பிடவே இல்லை.

போய் உட்காரப் போனேன். அவள் உட்காரவில்லை. இரண்டு மேசைக்கும் நடுவில், புதுக் கவுனோடு தரையில் படுத்துவிட்டாள். கையைத் தலைக்கு மேல் நீட்டி, காலை ஒரு மேசைக் காலில் ஒட்டி வைத்துக்கொண்டு, "சித்தி, என் கை அந்த நாற்காலியைத் தாண்டுது பாரு. இது ஒரு கம்பு இல்ல, முக்கால் கம்புதான்" என்றாள். எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். எனக்கு மானம் போயிற்று. பரிமாறுகிறவர் நல்ல மனுஷன், மேசையை நகர்த்திப் போட்டார். அப்போதும் உட்காரவில்லை. மழைக்காக நாலு பக்கமும் பிளாஸ்டிக் தாளைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். "எல்லாப் பக்கமும் மூடிட்டு மொட்டை மாடின்னு எப்படிச் சொல்றீங்க? எங்க கடையில ஜன்னலுக்குக் கதவே கிடையாது" என்று அவரிடமே கேட்டுவிட்டாள்.

கெஞ்சினேன். அதட்டினேன். கடைசியில் கண்ணில் தண்ணீரோடு சொன்னாள்: "நான் எங்கம்மா கடையிலதான் மாஸ்க்கைக் கழட்டுவேன்."

வந்ததற்கு ஒரு படமாவது எடுத்துக்கொள்வோம் என்று எடுத்தோம். துடைத்த மேசை அத்தான் கண்ணுக்குத் தெரிந்திருக்கிறது, புழுதிக் கவுன் உன் கண்ணுக்குத் தெரிந்திருக்கிறது. அவள் முகத்தில் மாஸ்க் இருப்பதை நீ கவனிக்கவே இல்லையா? வழியெல்லாம் பசியோடு வந்து, வீட்டில் ரொட்டியும் முட்டையும் சாப்பிட்டோம்.

இரண்டாம் தடவை சோறு வைத்தது எனக்கு. முதல் வாரம் நான் அவளுக்குப் போட்டுவிட்டு அடுப்படியில் நின்றுகொண்டே ஏதோ கொறித்தேன். பிடித்து உட்கார வைத்துவிட்டாள். தனியாகச் சாப்பிடுகிறவர்கள் பக்கத்தில் அம்மா நின்று பேசுவாள், பேசினால் இன்னும் கொஞ்சம் வாங்கிச் சாப்பிடுவார்கள் என்றாள். என் பக்கத்தில் நின்று ஊர்க்கதை பேசியே என்னை இரண்டாம் தட்டு சாப்பிட வைக்கிறாள். நான் சட்டை எல்லாம் பத்தாமல் பிரித்துத் தைத்துவிட்டேன்.

இதை முன்னாலேயே எழுதியிருக்கலாம். எழுதப் பொறாமை விடவில்லை. இங்கே என் கூரையின் கீழ், என் பாயில் படுத்துக்கொண்டு, அவள் பார்ப்பதெல்லாம் உன் கண்ணால்தான் பார்க்கிறாள். ஒரே ஒரு சாப்பாடாவது நான் அவளை உட்கார வைத்துச் சாப்பிட வைத்தேன் என்று நீ நினைத்துக்கொள்ள வேண்டும் என்றிருந்தது. நீ வயிறெரிந்தால் எனக்கும் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். கடையை மூடுகிற அளவுக்குப் போவாய் என்று நினைக்கவில்லை அக்கா.

ஞாயிற்றுக்கிழமை அத்தான் வரட்டும். துணி மூட்டை கட்டியாகிவிட்டது. புறாக் குஞ்சுகள் போன வாரமே பறந்துவிட்டன.

உன் தங்கை

*

நவம்பர் 23

என் தங்கைக்கு,

அக்கா எழுதுகிறேன். வந்து சேர்ந்துவிட்டாள். வழியில் ஒரு தும்மல் இல்லை. உன் அத்தான் சமையலறையில் விசில் அடிக்கிறார். நீ எப்படி இருக்கிறாய்? சாயங்காலம் என்ன செய்கிறாய்? ராத்திரி உட்கார்ந்து சாப்பிடுகிறாயா?

வண்டியிலிருந்து இறங்கி ஓடி வந்து என்னைக் கட்டிக்கொள்வாள் என்று கையை நீட்டிக்கொண்டு நின்றேன். கட்டிக்கொண்டாள், இல்லை என்று சொல்லவில்லை. அப்புறம் கடைக்குள் எட்டிப் பார்த்தாள். ஒற்றை மேசையைத் தவிர வெறும் தரை. "எல்லாரும் எங்கம்மா?" என்றாள். உனக்காகத்தான் எடுத்துவிட்டேன் என்றேன். எதிர்ப்பக்கம் மதகில் அந்த ரிட்டயர்டு தபால்காரர் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பார்த்துக்கொண்டே இருந்தாள். "தாத்தா யார்கூடப் பேசுவாரு?" என்று கேட்டாள். அவ்வளவுதான், நேரே பின்கட்டுக்குப் போய் மேசையை இழுக்க ஆரம்பித்துவிட்டாள்.

மறுநாள் அப்பனும் மகளும் சேர்ந்து மூன்று மேசையைத் தெரு ஓரம் மரத்தடியில் போட்டார்கள். நாலு பக்கமும் திறந்த வெளி. உள்ளே ஜன்னலோர மேசை ஒன்று மட்டும், வீட்டாருக்கு. வியாபாரம் எப்படிப் போகும் என்று தெரியாது. மழை வந்தால் எல்லாரும் நனைவார்கள். தபால்காரர் முதல் ஆளாக வந்து உட்கார்ந்துவிட்டார்.

கம்பை எடுத்து இடைவெளி அளந்தாள். ஜன்னலோர மேசையில் தன் நாற்காலியைப் போட்டுவிட்டு, அங்கிருந்து ஒரு கம்பு தள்ளி இன்னொரு நாற்காலி போட்டாள். எனக்கு என்று நினைத்து உட்காரப் போனேன். "அது சித்திக்கு. நீதான் பக்கத்துல நின்னு பேசுவியே" என்றாள். நான் நின்றேன்.

அப்புறம் கம்பு சரியா என்று பார்க்க, பக்கத்தில் நின்று கையைத் தூக்கினாள். சரியாக இல்லை. கம்புக்கு மேலே நான்கு விரல் நிற்கிறது. உன் அத்தான் புதுக் கம்பு வெட்டுகிறேன் என்று கிளம்பினார். நான் அந்தக் கம்பைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். அந்த நான்கு விரலும் உன் வீட்டில் வளர்ந்தவை. கூட இருந்து பார்க்காமல் போனேன். எத்தனை கடை மூடினாலும் அது எனக்குத் திரும்பி வராது.

நாற்காலி அப்படியே இருக்கிறது. யாரையும் உட்கார விடவில்லை அவள். எனக்கு வயிறு எரிகிறது. பள்ளி விடுமுறை விட்டதும் வண்டி ஏறு. ஜன்னலுக்குக் கதவு இல்லை, உட்கார்ந்து பாடலாம். வந்து ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுப் போ.

உன் அக்கா